மணப்பந்தலில் ஒரு மேடை



திருமண வீட்டில் வாழ்த்துரை நிகழ்த்துவது நமக்குப் பழக்கமான ஒன்று. சடங்குகள் முடிந்தபின் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து நான்கு வார்த்தை சொல்லுவார். நண்பர்கள் வாழ்த்துப்பா ஒன்றை அச்சிட்டு, கண்ணாடிச் சட்டத்துள் வைத்து, வாசித்துக் கையளிப்பர். அந்த உரையும் பாவும் இல்லாது போயினும் திருமணத்துக்குக் குறைவில்லை. அவை விழாவுக்கு அழகு சேர்ப்பன, அவ்வளவே. ஆனால், உரையே சடங்காக, மேடையே மணவறையாக அமைந்த ஒரு மணமுறை 20ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் எழுந்தது. சுயமரியாதைத் திருமணம் என்று அதற்குப் பெயர். அதன் வரலாற்றை இன்று சற்று நோக்குவோம்.

முதலில் நமது பழைய இலக்கியத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். அகநானூற்றின் 86ஆம் பாடல் நல்லாவூர் கிழார் பாடியது. அதிலே ஒரு மணவிழா காட்டப்படுகின்றது. உழுந்து சேர்ந்த சோறு, மணல் பரப்பிய பந்தல், விளக்கு, மாலை எல்லாம் உண்டு. புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி, மணமகளை நீராட்டி, அவள் கணவன் விரும்பும் துணையாக வாழ வேண்டும் என வாயார வாழ்த்துகின்றனர். தீவலம் இல்லை, புரோகிதரும் இல்லை. தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய திருமண வாழ்த்துரைகளுள் ஒன்று இது எனலாம். அதைச் சொன்னவர்கள் பெண்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர் எழுந்த சிலப்பதிகாரத்திலோ, கோவலனும் கண்ணகியும் முதிய அந்தணர் மறைவழி காட்டத் தீவலம் வருகின்றனர். இவ்விரு காட்சிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் புலவர்கள் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். சுயமரியாதை இயக்கத்தார் அந்த ஆராய்ச்சியைத் தமது வாதத்துக்குப் படைக்கலமாகக் கொண்டனர். ஆயினும், அகநானூற்று மணத்திலும் திங்களும் உரோகிணியும் கூடிய நல்ல நாள் பார்க்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. பழமையை அப்படியே மீட்பது இயக்கத்தின் நோக்கமன்று. அது புதிதாகவே ஒன்றைச் செய்ய முற்பட்டது.

1925 இல் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் 'குடி அரசு' இதழைத் தொடங்கினார். 1928 மே மாதம் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தம் என்ற சிற்றூரில் அவர் தலைமையில் நடைபெற்ற மணவிழாவையே முதலாவது சுயமரியாதைத் திருமணமாக இயக்க வரலாறு குறிக்கின்றது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் செங்கற்பட்டு மாநாடு கூடிப் பெண்களுக்குச் சொத்துரிமையும், மணவிலக்கு உரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. அதே 1929 இல் குத்தூசி குருசாமியும் குஞ்சிதமும் சாதி கடந்து ஈரோட்டில் மணம் செய்துகொண்டனர்.

அத்திருமணங்களின் அமைப்பைப் பாருங்கள். ஒருவர் தலைவரை முன்மொழிவார்; இன்னொருவர் வழிமொழிவார். தலைவர் உரையாற்றுவார். மணமக்கள் தாம் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக உறுதிமொழி கூறி மாலை மாற்றுவர். பின்னர் வாழ்த்துரைகள், இறுதியில் நன்றியுரை. ஒரு பொதுக்கூட்டத்தின் ஒழுங்கு அப்படியே மணவீட்டுக்குள் வந்துவிட்டது. அழைப்பிதழிலே உற்றார் பெயர்களோடு பேச்சாளர் பெயர்களும் அச்சாயின. இராகு காலம் என்று ஊர் அஞ்சும் நேரத்தை வேண்டுமென்றே தெரிந்தெடுத்து நடத்தியவர்களும் உண்டு. இந்த நிகழ்வுக்கு அவர்கள் வாழ்க்கை ஒப்பந்தம் என்றும், திருக்குறளின் ஆறாம் அதிகாரத் தலைப்பைத் தழுவி வாழ்க்கைத் துணைநல விழா என்றும் பெயரிட்டனர்.

பேச்சுக்கு ஏன் இத்தனை இடம்? காரணம் எளியது. வடமொழி மந்திரத்தின் பொருள் மணமக்களுக்கு விளங்கவில்லை, விளங்காத சொல்லால் எப்படி ஒருவர் கட்டுப்பட முடியும் என்பதே இயக்கத்தின் முதற் கேள்வி. மந்திரத்தை எடுத்துவிட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும். அதை விளங்கும் தமிழால் நிரப்ப வேண்டியதாயிற்று. எனவே பேச்சாளர் வெறுமனே வாழ்த்திவிட்டு அமர முடியாது. ஏன் தாலி இல்லை, ஏன் ஐயர் இல்லை, பெண்ணைத் தானமாகக் கொடுப்பது என்னும் கன்னிகாதானத்தில் என்ன பிழை, வீண் செலவு எதற்கு என்றெல்லாம் அவர் விளக்கியாக வேண்டும். விதவை மறுமணம், கர்ப்பத்தடை ஆகியன பற்றியும் பெரியார் மணமேடைகளிலே பேசினார். திருமணம் என்ற ஏற்பாடே பெண்ணை அடிமையாக்குகின்றது என்று மணமேடையில் நின்றுகொண்டே சொல்லவும் அவர் தயங்கவில்லை. வாழ்த்துக் கேட்க வந்தவர்கள் வாதத்தைக் கேட்டுச் சென்றனர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரசியல் கூட்டங்களுக்குப் பெண்கள் அதிகம் செல்லாத காலம் அது. ஆனால், உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குச் செல்லாமல் இருக்க முடியுமா? கொள்கையில் உடன்பாடில்லாத பாட்டியும், பக்தி மிகுந்த பெரியம்மாவும், ஐயத்தோடு வந்த சம்பந்தி வீட்டாரும் ஒரே பந்தலில் அமர்ந்து அந்தப் பேச்சைக் கேட்டனர். அவ்வாறு கேட்பவர்களுக்கு விளங்கும்படி பேச வேண்டிய கட்டாயமும் பேச்சாளருக்கு உண்டாயிற்று. பின்னாளில் தமிழ்நாட்டு மேடைத் தமிழுக்குத் தனி முத்திரை பதித்த சி. என். அண்ணாதுரை போன்றோரும் மணமேடைகளில் பேசிப் பழகியவர்களே.

குழந்தைக்குப் பெயரிடுதலும் இவ்வாறே மேடைக்கு வந்தது. கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானம் போன்று, பிறருக்குக் கோயிலிலோ வீட்டிலோ நடைபெறும் பெயர்சூட்டலைத் தலைவரின் கையில் குழந்தையைக் கொடுத்து நிறைவேற்றினர். பெரியார் 1932 இல் சோவியத் நாட்டைப் பார்த்து வந்தபின் 'ருஷ்யா', 'மாஸ்கோ' போன்ற பெயர்களும் தமிழ்க் குழந்தைகளுக்கு வாய்த்தன. 1953 இல் ஸ்டாலின் மறைந்த நாட்களில் பிறந்திருந்த தம் மகனுக்கு மு. கருணாநிதி அப்பெயரையே சூட்டியது பலரும் அறிந்ததே.

இத்தனைக்கும் ஒரு விலை இருந்தது. அதே 1953 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டத்தின்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. சாத்திரம் விதித்த சடங்கும் அங்கு இல்லை. வழக்காறு எனக் கொள்ளப் போதிய பழமையும் அதற்கில்லை என்பது நீதிமன்றத்தின் நோக்கு. கால் நூற்றாண்டாக இம்முறையில் மணந்தவர்களின் நிலை என்ன? பெண்கள் மனைவியர் அல்லர், பிள்ளைகள் முறையான வாரிசுகள் அல்லர் என்ற நிலை அது. பந்தலிலே எத்தனை பெரிய பேச்சாளர் எத்தனை மணி நேரம் பேசியிருந்தாலும், சட்டத்தின் முன் அந்தப் பேச்சு ஒரு தாலிக்கயிற்றுக்கு ஈடாகவில்லை.

1967 மார்ச்சில் அண்ணாதுரை முதலமைச்சரானார். அவ்வாண்டிலேயே இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்க்கும் திருத்தம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில் மணமக்கள் தமக்கு விளங்கும் ஒரு மொழியில் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகச் சொன்னாற் போதும். அல்லது மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்னர் நடந்த திருமணங்களும் செல்லுபடியாயின. சட்ட வரைவில் 'மற்றும்' என இருந்த ஓரிடத்தை 'அல்லது' என மாற்றும்படி பெரியார் சொன்னதாலேயே தாலி கட்டாயமாகாமற் போயிற்று எனத் திராவிடர் கழகத்தார் சொல்லி வருகின்றனர். ஒரு சிறு இடைச்சொல்லில் எத்தனை குடும்பங்களின் மானம் தங்கியிருந்தது!

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டியிருக்கின்றது. 40 ஆண்டுகள் அந்த மேடைகளில் நிறைந்திருந்தது தலைவர்களின் குரல். ஆனால் சட்டம் ஏற்றுக்கொண்டது அந்தக் குரலை அன்று. தலைவர் உரை வேண்டும் என்று 7அ பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. நீண்ட சொற்பொழிவுகளுக்கு நடுவே, தலை குனிந்து இருந்த மணமகளும் பக்கத்தில் நின்ற மணமகனும் சொன்ன அந்த ஒற்றை வாக்கியமே திருமணமாயிற்று.

2023 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் மேலும் ஓர் அடி சென்றது. வழக்கறிஞர் அலுவலகத்தில் மறைவாக நடக்கும் மணம் செல்லாது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுக் கருத்தை அது ஏற்கவில்லை. பலரறியக் கூட்டம் கூட்டி அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் 7அ பிரிவில் இல்லை என்றது. வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சி ஓடிவரும் இருவர் எந்தப் பந்தலைப் போட்டு, எந்த ஒலிவாங்கியின் முன் நின்று அதைச் சொல்ல முடியும்?

மேடைப் பேச்சு வீண் என்பது இதன் பொருளன்று, நேயர்களே. பெண்ணொருத்தி தன் வாயால் தன் சம்மதத்தைச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தை ஊர் ஊராகப் பந்தல்களில் விதைத்தவை அந்தப் பேச்சுகளே. அவள் பேசத் தொடங்கியதும், மற்றவர்கள் தம் உரையைச் சுருக்கிக்கொள்வதே முறை.