உபதேசியார் (மலையகத் தோட்டங்கள்)

உபதேசியார் என்பவர் இலங்கை மலையகத்தின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரிடையே வேதம் போதித்து, ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த, குருப்பட்டம் பெறாத கிறிஸ்தவ ஊழியர். திருநெல்வேலிச் சபைகளின் வழக்கான இச்சொல் தொழிலாளரோடு கடல் கடந்து வந்தது.

தோற்றம்: கோப்பிக் காலத்தில் மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து கண்டிச் சீமைக்கு வந்தவர்களில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களும் இருந்தனர். 1854-இல் தோட்டத் துரைமார் சிலரும் சர்ச் மிஷனரி சொசைட்டி (சி.எம்.எஸ்.) என்ற ஆங்கிலிக்கச் சங்கமும் இணைந்து தமிழ்க் கூலி மிஷனை நிறுவினர். திருநெல்வேலித் திருச்சபை உபதேசியார்களை அனுப்பிவைத்தது. அங்கே ஊழியம் செய்து தமிழ் அறிந்திருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் தொடக்ககாலப் பொறுப்பாளர்களில் ஒருவர். துரைமாரின் முன்முயற்சியே மிஷனுக்கு வித்திட்டது என்பது மிஷன் வரலாற்று மரபு. அதற்கு முன்பே லயங்களில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) கூடி ஜெபித்துவந்த தொழிலாளரே முன்னோடிகள் எனக் கொள்வோரும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

பணி: விடியலில் தப்பு ஒலிக்கும். தொழிலாளர் வேலை பிரித்துக் கொடுக்கப்படும் பெரட்டுக்களத்தில் கூடுவர். வேலைக்குக் கலையுமுன் கிடைக்கும் சில நிமிடங்களில் உபதேசியார் பேசுவார். பின் மலையேறி அடுத்த தோட்டம். மாலையில் லயத்து வாசலில் ஒரு விளக்கு, சில பிள்ளைகள், ஒரு வேதப்புத்தகம். ஞாயிறு ஆராதனை பெரும்பாலும் பள்ளிக்கூடக் கொட்டிலிலோ கோப்பி ஸ்டோரிலோ நடந்தது. மிஷன் அறிக்கைகள் ஞானஸ்நானங்களை எண்ணிக் கணக்கிடுகின்றன. அட்டைக்கடியோடும் அடைமழையோடும் நடந்த மைல்களுக்கு அவற்றில் கணக்கில்லை.

அந்த நடைக்கு வேறொரு பொருளும் இருந்தது. தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி வெளியார் நுழைய முடியாது. 1920-களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுக்குள் சென்றார் என்று சொல்லப்படுகிறது. உபதேசியாருக்கோ வாசல் திறந்திருந்தது. இதனால் அவரைத் துரைமாரின் ஆளாகக் கருதிய விமர்சனம் எழுந்தது. எனினும் வேதத்தை ஏற்றவருக்கு அச்சம் துரையிடமிருந்து வந்ததைவிட லயத்துக்குள்ளிருந்தே வந்தது எனலாம். உறவு விலகும், மாரியம்மன் திருவிழாவில் பங்கு போகும், தொழிலாளரை முன்பணக் கடனால் கட்டிவைத்திருந்த, ஆள் சேர்க்கும் தலைவரான பெரிய கங்காணியின் மனம் கோணும். பத்தடிக்குப் பத்தடி லய அறையான காம்பிராவில், அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கீர்த்தனை பாடுவதே ஒரு சாட்சியாக இருந்தது.

1876 தகராறு: மிஷன் வரலாற்றில் ஆவணங்கள் மிகுந்த பகுதி இதுவே. உபதேசியார்களின் சம்பளத்தைத் துரைமாரின் நன்கொடை தாங்கியது. கண்காணிக்கும் மிஷனரியின் செலவைச் சங்கம் ஏற்றது. நன்கொடையாளரில் பலர் ஆங்கிலிக்கர் அல்லாத ஸ்கொட்லாந்துக்காரர். 1875 இறுதியில், 30 வயதில், கொழும்பு ஆங்கிலிக்க ஆயராக அபிஷேகம் பெற்ற ரெஜினல்ட் கோப்ள்ஸ்டன், தோட்டப் பணியைத் தம் குருமாரின் மேற்பார்வைக்குள் கொண்டுவர விரும்பினார். சங்கம் இணங்கவில்லை. மறு ஆண்டு சி.எம்.எஸ். மிஷனரிமாரின் உரிமங்களை ஆயர் திரும்பப் பெற்றார். யார் எல்லை மீறினார் என்பதில் இரு தரப்பு எழுத்தாளரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. விவகாரம் இங்கிலாந்துப் பேராயர்கள் வரை சென்று, 1880-இல் அவர்களும் மூன்று ஆயர்களும் வழங்கிய கருத்தின் அடிப்படையில் தணிந்தது. இவ்வளவு தாளிலும் உபதேசியார் ஒருவரின் குரலைக் கேட்பது அரிது. 

தேயிலைக் காலம்: 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை ஆண்டு முழுதும் கொழுந்து தருவதால் தொழிலாளர் குடும்பமாகத் தங்கினர், சபைகளும் நிலைத்தன. ஹட்டனில் மெதடிஸ்டுகள் 1892-இல் தொடங்கிய பள்ளியே இன்றைய ஹைலண்ட்ஸ் கல்லூரி. கத்தோலிக்கத் திருச்சபையும் தன் பங்குகளை விரித்தது. மிஷனின் பெயரிலிருந்த ‘கூலி’ என்ற சொல் 20-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பின்: 1948-இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. பலர் நீலகிரி சென்றனர். சபைக் குடும்பங்களும் பிரிந்தன. கண்டியில் 1972-இல் ‘சத்தியோதய’ நிறுவனத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், விசுவாசத்தை மலையகத் தொழிலாளரின் உரிமைக்கான குரலாக்கினார். கோயில் கட்டுவதைவிட மனிதரை மனிதராக எண்ணச் செய்வது கடினமான ஊழியம். அவர் அதையே தேர்ந்தார்.

அண்மைக் காலம்: பெந்தெகொஸ்தே ஜெபவீடுகள் லயங்களிடையே பெருகின. மதமாற்றத் தடை மசோதா 2004-இல் முன்வைக்கப்பட்டது, சட்டமாகவில்லை. புதிய வழிபாட்டு இடங்களுக்கு முன்அனுமதி கோரும் சுற்றறிக்கை 2008-இல் வந்தது. ஊழியரை இன்று பலர் ‘பாஸ்டர்’ என்கின்றனர். ‘உபதேசியார்’ என்ற சொல் முதியவர்களின் பேச்சில் வாழ்கிறது.