ஐஸ் ஹவுஸும் ஒன்றரை டன்னும்

ஏசி மெக்கானிக் கடை வைக்கச் சென்னையில் ஐஸ் ஹவுஸைவிடப் பொருத்தமான பேட்டை கிடையாது. கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிற கட்டடத்தை 1842இல் ஐஸ் கிடங்காக எழுப்பியவர் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர். அந்த ஊர்ப் பக்கம் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி இங்கே விற்றார். 1833இல் கல்கத்தாவுக்குப் போன அவருடைய முதல் சரக்கில் ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் உருகாமல் போய்ச் சேர்ந்தது. நாலு மாதக் கடல் பயணம் அது. சென்னையில் அப்போது துறைமுகமும் இல்லை. தூரத்தில் நிற்கும் கப்பலிலிருந்து மசூலாப் படகில் இறக்கி, அலையைத் தாண்டி, சுடுமணலில் தூக்கிவர வேண்டும். அந்தச் சுமையைத் தூக்கியவர்கள் ஒரு துண்டாவது வாயில் போட்டிருப்பார்கள் என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

1870களில் நீராவி இயந்திரத்தை வைத்து இங்கேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் டியூடர் கம்பெனியின் பிழைப்பு போயிற்று. கிடங்கை வாங்கிய வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதில் ஜன்னலும் தாழ்வாரமும் வைத்து வீடாக்கினார். 1897இல் விவேகானந்தர் வந்து தங்கியது அந்த வீட்டில்தான்.

ஆனால் டியூடரின் ஐஸ் மது டம்ளருக்கும் காய்ச்சல்காரர் நெற்றிக்கும் வந்தது. அறையைக் குளிரவைத்தவை வேறு. உத்தரத்தில் துணிப் பங்காவைத் தொங்கவிட்டு, கயிற்றைச் சுவர் ஓட்டை வழியாக வெளியே எடுத்து, தாழ்வாரத்தில் ஒரு ஆளை உட்காரவைத்து இழுக்கச் சொன்னார்கள். உள்ளே துரை தூங்குவார். வெளியே இழுப்பவன் தூங்கினால் வேலை போகும். வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க இன்னொரு ஆள். தட்டிக்குச் சென்னையில் வாழ்வு கொஞ்ச நாள்தான். மே, ஜூனில் மேற்கிலிருந்து அனல் காற்று வீசும்போது தண்ணீர் ஆவியாகி உள்ளே ஜில்லென்று இருக்கும். பிற்பகலில் கடற்காற்று திரும்பிவிட்டால் ஈரம் ஈரமாகவே நிற்கும். இன்றும் டெல்லியிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் கூலரைக் கூடவே கொண்டுவந்து, அது வேலை செய்யவில்லை, பாருங்கள் என்று எனக்குப் போன் போடுகிறார்கள். மோட்டார் நன்றாகத்தான் ஓடும். கோளாறு ஊரின் காற்றில் இருக்கிறது.

இந்த ஈரத்தைப் பிடித்து வெளியே எடுக்கத்தான் ஏசியே பிறந்தது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரக் காற்றால் காகிதம் உப்பி, வண்ணம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் போனது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் போட்ட இயந்திரம் மனிதனுக்காகச் செய்ததல்ல, காகிதத்துக்காக. சென்னையில் ராத்திரி ஓடும் ஏசியின் டிரெயின் பைப்பின்கீழ் ஒரு வாளி வைத்துப் பாருங்கள். காலையில் அதில் இருக்கும் தண்ணீர் உங்கள் அறைக் காற்றில் இருந்தது.

பழைய சென்னை வீட்டுக்கு உண்மையான குளிர்ச்சி கொடுத்தது மொட்டைமாடி. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வீடுகளில் அவுட்டோர் மாட்ட ஏறும்போது மெட்ராஸ் டெரஸை இன்னும் பார்க்கிறேன். தேக்கு உத்தரங்களின்மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக, சுண்ணாம்புக் காரையில் செங்குத்தாக அடுக்கியிருப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கட்டை எகிறித் திரும்பும்வரை, நாள் கணக்கில் அடி. அதன்மேல் தட்டோடு. அந்த மாடியில் துளை போட வேண்டியிருந்தால் டிரில்லை அழுத்தும்போதே தெரியும்: சிமென்ட்போல வெடிக்காது, பிஸ்கட் நிறத்தில் மாவாக இறங்கும். அத்தனை கனத்தைத் தாண்டி வெயில் உள்ளே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூரைக்கு அடியிலேயே இருக்கும் வென்டிலேட்டர் வழியாகச் சூடான காற்று வெளியேறிவிடும்.

கான்கிரீட் தளம் வந்தது. மேலே போடும் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் கொஞ்ச காலம் தங்கி, பிறகு செலவு என்று பல இடங்களில் கழன்றன. வென்டிலேட்டரை அடைத்தார்கள். வெயில் நேராக உள்ளே வந்தது, ஏசி வந்தது. நான் தொழில் பழகியது ஜன்னல் ஏசிக் காலத்தில். எனக்குக் கற்றுக்கொடுத்த பாய் டன் கணக்கை இப்படித்தான் சொன்னார்: ஒரு டன் ஏசி என்றால், 907 கிலோ ஐஸ் ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவை வெளியே தள்ளுகிற மெஷின். அப்படியானால் ஒன்றரை டன் ஏசி, நாள் முழுக்க ஓடினால், 1,360 கிலோ ஐஸின் வேலையைச் செய்கிறது. டியூடர் கேட்டிருந்தால் கடையை அன்றே மூடியிருப்பார்.

அதன்பிறகு மாறியதெல்லாம் வேகமாக மாறியது. ஜன்னல் போய் ஸ்பிளிட், பிறகு இன்வெர்ட்டர். 2010இலிருந்து ஏசிக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். ஓசோனுக்காக 1987இல் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் ஆர்-22 கேஸ் ஒதுங்க, இப்போது ஆர்-32. இது தீப்பற்றக்கூடியது, அழுத்தமும் அதிகம். பழைய மெஷினில் இதை அடிக்கக் கூடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் பழைய குழாயிலேயே புது மெஷினை மாட்டச் சொல்லி இன்னும் கேட்கிறார்கள். அதில் தங்கிய பழைய எண்ணெய் புதுக் கம்ப்ரஸரைத் தின்றுவிடும்.

பெசன்ட் நகரில் கடலைப் பார்த்து மாட்டிய அவுட்டோரின் பின்பக்கத்தை ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். அலுமினிய ஃபின் உப்பில் வெந்து அப்பளமாக நொறுங்கும். அதை மாதாமாதம் நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். யார் கழுவுகிறார்கள்? பங்காவுக்கு ஆள் இருந்தான், தட்டிக்கு ஆள் இருந்தான். ஏசிக்கு மட்டும் ஆளே வேண்டாம் என்று நினைத்துவிட்டோம்.

எனவே புது ஏசி வாங்கப் போகிறவர்கள் முதலில் மாடி ஏறிப் பார்க்கட்டும். தட்டோடு பெயர்ந்திருந்தால் பதியுங்கள், இல்லையென்றால் வெள்ளையாவது அடியுங்கள். டன் கணக்கை அப்புறம் பேசலாம். இன்னொன்று: அவுட்டோரை மூன்றாவது மாடிச் சுவரில் அந்தரத்தில் மாட்டாதீர்கள். சர்வீஸுக்கு வருகிறவன் அங்கே கால் வைத்து நிற்க வேண்டும்.