நொரிகோவின் வயது: ‘கன்பஸ்டர்’ குறித்துச் சில குறிப்புகள்

ஜப்பானிய அறிவியல் புனைவு அனிமேக்களில், மெக்கா எனப்படும் பேரியந்திரங்களை இயக்கும் பெண்களைப் பற்றிப் பேச்செழுந்தால், உரையாடல் பெரும்பாலும் ‘எவாஞ்செலியன்’ தொடரின் அசுகாவிடமோ ரெய்யிடமோ சென்று நின்றுவிடுகிறது. 1995இல் வெளிவந்த அத்தொடருக்கு ஏழாண்டு முன்னரே, அதன் இயக்குநர் ஹிதேயாகி அன்னோ தம் முதல் இயக்கமாக ஆறு பகுதிகள் கொண்ட நேரடிக் காணொளித் தொடர் ஒன்றை எடுத்திருந்தார். ஜப்பானியத்தில் ‘தொப்பு ஓ நெராயே’, வெளியுலகில் ‘கன்பஸ்டர்’. 1988 அக்டோபரில் தொடங்கி 1989இல் முடிந்த அதன் நாயகி நொரிகோ தகாயா. பெண் விமானியின் குணவளர்ச்சி என்னும் பொருளுக்கு அசுகாவைவிட இவளே வலுவான சான்று என்பது என் துணிபு.

இவளுக்கு முன்னோர் இருவகை. முதல் வகை இயந்திரக் கதைகளுக்குள்ளேயே உள்ளது. 1972 டிசம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய கோ நாகாயின் ‘மாஜிங்கர் இசட்’ தொடரில் சயாகா யூமி ‘அஃப்ரோடைட் ஏ’ என்னும் இயந்திரத்தை இயக்கினாள். அதன் ஏவுகணைகள் மார்பிலிருந்து பாயும்; அவ்வியந்திரம் அடிக்கடி சிதையும்; நாயகன் வந்து காப்பான். 1979இன் ‘கண்டம்’ தொடரில் செய்லா மாஸ் அனுமதியின்றிக் கண்டம் இயந்திரத்தையே எடுத்துச் சென்று போரிட்ட பகுதி ஒன்று உண்டு. ஆயினும் அவளுடைய கதையின் பாரம் முழுதும் எதிரணியில் நிற்கும் அண்ணன் மீதே சாய்ந்தது.

இரண்டாவது வகை முன்னோர் விளையாட்டுத் திடலிலிருந்து வருகின்றனர். எனக்கு இதுவே முக்கியம். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வென்று தங்கம் பெற்ற ஜப்பானிய மகளிர் கைப்பந்து அணியில் பெரும்பாலோர் நிச்சிபோ கைசுகா என்னும் நூற்பாலை அணியைச் சேர்ந்தவர்கள். அவர்களின் பயிற்சியாளர் ஹிரோபூமி தைமாத்சுவின் கடுமை நாடறிந்தது. அவ்வெற்றியை ஒட்டிச் சிறுமியருக்கான விளையாட்டு மங்காக்கள் பெருகின. கைப்பந்துக்கு 1968இன் ‘அட்டாக் நம்பர் ஒன்’. டென்னிசுக்கு ‘ஏஸ் ஓ நெராயே’. ‘தொப்பு ஓ நெராயே’ என்ற தலைப்பு, 1986இல் வந்த ‘டாப் கன்’ திரைப்படத்தையும் இந்த டென்னிஸ் கதையையும் ஒட்டவைத்த கேலி.

அக்காலத்தின் தாரகச்சொல் ‘கொன்ஜோ’. அடிப்படையில் ஒருவரின் இயல்புக்குணத்தைக் குறிப்பது. அவ்வளவு நல்ல சொல்லன்று. தீவுவாசிகளின் குறுகிய மனப்பான்மையைச் சுட்டும் ஜப்பானியத் தொடரில் அப்பழைய சாயல் இன்றும் எஞ்சியிருக்கிறது. 1960களின் விளையாட்டுப் பேச்சில்தான் அது ‘விடாப்பிடியான மனவுறுதி’ என்னும் பொருளில் கொடிகட்டிப் பறந்தது. உயர்பொருட்பேறு என்று நாம் வகுப்பில் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. நொரிகோ முயற்சி, கொன்ஜோ என்னும் இவ்விரு சொற்களையும் மந்திரம்போல் உச்சரித்துக்கொண்டே வளர்கிறாள்.

முதற்பகுதி முழுக்கவும் கேலிதான். ஓகினாவாவின் விண்வெளி மகளிர் பள்ளியில் மாணவியர் பேரியந்திரங்களில் அமர்ந்து தோப்புக்கரணம் போடுகின்றனர். தந்தையின் பெயரால் சலுகை பெற்றவள் என்று நொரிகோவை ஏசுகின்றனர். பயிற்சியாளர் ஓதா அவளைத் தேர்ந்தெடுக்கிறார். மூன்றாம் பகுதியில் கதை நிறம் மாறுகிறது. முதற்போரில் அவள் உறைந்துபோகிறாள். உடன்சென்ற ஸ்மித் இறக்கிறான். முயற்சியாலும் மனவுறுதியாலும் ஈடுசெய்ய இயலாத ஓர் இழப்பு அது. நான்காம் பகுதியில் அழுதுகொண்டே கன்பஸ்டரில் ஏறிப் பகைவரை அழிக்கிறாள். பல தொடர்கள் இவ்விடத்தில் ‘வளர்ச்சி முற்றிற்று’ என்று எழுதியிருக்கும்.

கன்பஸ்டர் அங்குதான் தன் உண்மையான வினாவை எழுப்புகிறது: வயதே ஏறாத ஒருத்தி எப்படி வளர்வாள்? ஒளிவேகத்தை நெருங்கிச் செல்வோர்க்குக் காலம் மெல்ல நகரும். இரண்டாம் பகுதியில் தந்தையின் கப்பல் மீண்டும் தென்படுகிறது. அதன் கடிகாரத்தில் பேரழிவு நிகழ்ந்து இரண்டு நாள்களே ஆகியுள்ளன. தந்தை உயிரோடிருக்கக்கூடும் என்று ஓடுகிறாள்; கட்டளைத்தளமே அங்கில்லை. ஐந்தாம் பகுதியில் பூமிக்குத் திரும்புகிறாள். அவளுக்குச் சில மாதங்கள், பூமிக்குப் பத்தாண்டுகள். வகுப்புத்தோழி கிமிகோ கையில் மகளுடன் நிற்கிறாள். நொரிகோவோ இன்னும் பள்ளிப் பட்டமளிப்புக்குக் காத்திருப்பவள். அதே பகுதியின் போர்க்களத்தில், நோயுற்ற ஓதா தான் திரும்புவதற்குள் இறந்துவிடுவாரோ என்று கசுமி தளர்ந்து அழ, இதுவரை அழுதுகொண்டேயிருந்த நொரிகோ அவளைத் தேற்றி எழுப்புகிறாள். குணவளர்ச்சி என்று ஒரு காட்சியைச் சுட்டச் சொன்னால் நான் இதைத்தான் சுட்டுவேன்.

உறவுச்சொற்களைப் பற்றி ஆய்பவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நொரிகோ கசுமியை அழைப்பது ‘ஒனேசமா’ என்று. நம் ‘அக்கா’வோடு கூடுதல் மரியாதை சேர்ந்த சொல். தொடக்கத்தில் அது பள்ளிக்கூட மரபுவழக்கு மட்டுமே. கசுமி மேல்வகுப்பு மாணவி, அவ்வளவுதான். ஆறாம் பகுதியில் கசுமி பூமியில் பதினைந்தாண்டு வாழ்ந்து, கணவனை இழந்து, நடுவயதை எட்டிவிட்டாள். நொரிகோ பதின்வயதிலேயே நிற்கிறாள். அழைப்புச்சொல் மாறவில்லை, அது குறிக்கும் தொலைவு மாறிவிட்டது.

இத்தொடரைப் புகழ்வோர் மழுப்பும் செய்தி ஒன்றுண்டு. ஒளிப்படக்கருவி இப்பெண்களின் உடல்மீது கொண்ட நோக்கு பெரும்பாலும் ஆண்வாடிக்கையாளரின் நோக்கே. குளியலறைக் காட்சிகளைக் கதையின் தேவை என்று வாதிட எனக்கு நா எழவில்லை. இறுதிப் போரில் நொரிகோ தன் மேலாடையைக் கிழிக்க, கன்பஸ்டரும் தன் மார்பைப் பிளந்து உள்ளிருக்கும் எரிகலனைப் பிடுங்கியெடுக்கிறது. சயாகாவின் மார்பு ஏவுகணைக்கும் இதற்கும் இடையே பதினாறாண்டு. நகைப்புக்குரிய உறுப்பு இங்கே உயிர்நிலையாகிவிட்டது என்று வாசிக்கலாம். நோக்கு அப்படியே இருக்கிறது என்றும் வாசிக்கலாம். இரண்டும் ஒரே காட்சிக்குள் இருக்கின்றன என்பதே என் வாசிப்பு.

அந்தப் போருக்குப்பின் இருவரும் திரும்பும்போது பூமியில் பன்னிரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. நிலப்பரப்பு முழுதும் இருள். பிறகு விளக்குகள் எரிந்து, வீடு திரும்புவோரை வரவேற்கும் அன்றாட ஜப்பானியச் சொல் கத்தகானா எழுத்துகளில் ஒளிர்கிறது. அதன் கடைசி எழுத்தான ‘இ’ மட்டும் இடவலம் மாறித் திரும்பியிருக்கிறது. அவ்வெழுத்தை அன்றாடம் எழுதும் எவரும் அங்கு எஞ்சவில்லை. ஆயினும் யாரோ பழைய ஆவணங்களைத் தேடி, அவளுடைய மொழியில் எழுத முயன்றிருக்கிறார்கள்.