பிண்டம் வைக்காத வீட்டில் அப்பாவின் திதி

அப்பா மறைந்து வருகிற கார்த்திகை வளர்பிறைப் பஞ்சமியோடு ஒரு வருஷம் நிறைகிறது. சென்னையிலிருந்து அக்கா, வந்தவாசிப் பக்கத்திலிருந்து சித்தப்பா குடும்பம், பெங்களூரிலிருந்து பிள்ளைகள் என்று நாற்பது பேர் மைசூரில் கூடுகிறோம். எதிர்வீட்டு நண்பர் நல்ல மனசோடு கேட்டார்: "வருஷாப்திகத்துக்கு சாஸ்திரிகள்கிட்டே சொல்லட்டுமா சார்? எள்ளு, தர்ப்பை எல்லாம் அவரே கொண்டு வந்துடுவார்." "எங்களுக்கு அது கிடையாதுங்க" என்றேன். "அப்போ அப்பாவுக்குன்னு என்னதான் செய்வீங்க?" என்றார். பாத்திரக் கடையில் நாற்பது வருஷம் பதில் சொல்லியே பிழைத்த எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்ததில் கிடைத்தவற்றை இந்த மலரில் எழுதுகிறேன்.

முதலில் ஏன் கிடையாது என்பது. உடலை விட்ட உயிர் ஒன்றிரண்டு சமயத்துக்குள், மிஞ்சினால் மூன்று சமயத்துக்குள், அடுத்த பிறவியை அடைந்துவிடுகிறது என்பது சமண நூல்களின் முடிவு. சமயம் என்பது கண் இமைக்கும் நேரத்தைவிட மிகமிகச் சிறிய கால அளவு. நடுவில் பசியோடு காத்திருக்கும் பிதுர் என்று ஒருவர் இல்லை. ஆகவே அவருக்கு அனுப்பும் உணவும் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆதிபுராணம் எழுதிய ஜினசேனர், கருவுறுவது தொடங்கி 53 கிரியைகளை வகுத்தார். வைதிக வழக்கத்தோடு ஒத்துப்போகும் சடங்குகள் அதில் பல உண்டு. சிராத்தத்துக்கு மட்டும் இடம் தரவில்லை.

சோமதேவ சூரி கி.பி. 959-இல் முடித்த யசஸ்திலகத்தில் இந்த வழக்கத்தை நேராகவே கேள்வி கேட்கிறார். நம் தமிழில் ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியமும் அதே கதைதான். மாவினால் செய்த கோழியைப் பலி கொடுத்த பாவத்தால் யசோதர மன்னனும் அவன் தாய் சந்திரமதியும் விலங்குப் பிறவிகளில் உழலுகிறார்கள். ஒரு பிறவியில் மன்னன் மீனாகப் பிறந்து வலையில் சிக்குகிறான். அவன் மகன் தகப்பனுக்காக நடத்தும் சிராத்தத்தில் அந்த மீனையே சமைத்துப் படைக்கிறார்கள்! சிறு வயதில் அப்பா இதைச் சொல்லும்போது நான் சிரிப்பேன். இப்போது படித்தால் சிரிப்பு வரவில்லை.

சடங்கை மறுத்தவர்கள் நினைவை மறுத்தார்களா என்றால், இல்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்றொரு பாறைக்குன்று இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே சுமார் 1,500 வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டு ஒன்று, 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியருக்கு உரியது. அந்த இடத்துக்கு அது சொல்லும் பெயர் நிசீதிகை. தமிழ் எழுத்து வரலாறு படிப்பவர்கள் அதில் புள்ளியிட்ட மெய்யெழுத்துகளைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த 57 என்ற எண்தான் கண்ணில் பட்டது. யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு நாளாக எண்ணியிருக்கிறார்.

அந்த வழக்கத்தின் பெரிய களஞ்சியம் மைசூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பக்கூடிய தூரத்தில், சிரவணபெளகுளத்தில் இருக்கிறது. லூயிஸ் ரைஸ் 1889-இல் அவ்வூர்க் கல்வெட்டுகளைப் புத்தகமாக வெளியிட்டார். நம்மவர்கள் பெரிய மலை ஏறி கோமடேசுவரரை வணங்கிவிட்டுப் பஸ் பிடித்துவிடுவார்கள். அவர் காலடியில் கன்னடத்தோடு தமிழிலும் சாமுண்டராயன் செய்வித்த செய்தி வெட்டப்பட்டிருப்பதையாவது பார்த்துவிட்டு வரலாம். அந்தச் சிலையே தாய் காளலதேவியின் ஆசைக்காக மகன் செய்தது என்பது ஐதீகம்.

ஐதீகத்தை விடுங்கள், கல்வெட்டோடு நிற்கும் ஒரு மகனின் கதை எதிரே சின்ன மலையில், சந்திரகிரியில் இருக்கிறது. ஹொய்சள விஷ்ணுவர்த்தனின் தளபதி கங்கராஜன். தலக்காட்டில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்த சோழர் ஆட்சியை 1116 வாக்கில் முடித்துவைத்தவர். தமிழர் மலரில் அவரைப் புகழ்வதா என்று சங்கத்து நண்பர்கள் கோபிக்க வேண்டாம். அவர் 1118-இல் தம் தாய் போசவ்வைக்காகச் சந்திரகிரியில் ஆதிநாதருக்கு ஒரு கோயில் கட்டினார். உள்ளே வெளிச்சம் குறைவு என்பதால் கத்தலெ பஸ்தி, அதாவது இருட்டுக் கோயில், என்று பெயர். போசவ்வை நோன்பிருந்து உயிர் நீத்தது 1121-இல். அதற்கும் மகன் கல் நட்டார்.

வருஷங்களைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். கோயில் எழும்பியபோது தாய் உயிரோடு இருந்தார். அதற்குள் நின்று கும்பிட்டிருப்பார். எனக்கு உறுத்துவது இதுதான். அப்பா கடைசி மூன்று வருஷமாக "ஒரு தடவை சின்ன மலைக்குக் கூட்டிட்டுப் போடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தசரா வியாபாரம் முடியட்டும் என்றேன், அப்புறம் முகூர்த்த சீசன் என்றேன். பிறகு அவருக்கு முழங்கால் போய்விட்டது.

பிண்டம் இல்லையென்றால் என்ன உண்டு? நான்கு தானம் உண்டு: உணவு, மருந்து, அபயம், சாஸ்திரம். சாஸ்திர தானத்துக்குக் கர்நாடகத்தில் அத்திமப்பையை மிஞ்ச ஆளில்லை. அவர் தகப்பனார் மல்லபய்யாவும் தகப்பனாரின் தம்பியும் தங்கள் குரு ஜினசந்திரரின் நினைவாகக் கவி பொன்னனைக் கொண்டு சாந்திபுராணம் எழுதுவித்தார்கள். அச்சு இல்லாத பத்தாம் நூற்றாண்டு அது. ஏடு செல்லரித்தால் நினைவும் போச்சு. மகள் அந்த நூலை ஆயிரம் பிரதி எழுதச் செய்து ஊர் ஊராகக் கொடுத்தாள்.

எங்கள் ஏற்பாடு இப்படி ஆகியிருக்கிறது. காலையில் எல்லோரும் சந்திரகிரி ஏறி, கத்தலெ பஸ்தியில் தரிசனம். பேரன் டார்ச் கொண்டு வருகிறான். அப்புறம் மைசூரில் சாப்பாடு, சூரியன் சாய்வதற்கு முன்னால் கடைசிப் பந்தியும் எழுந்துவிட வேண்டும். சமையல்காரரிடம் வெங்காயம், பூண்டு, உருளை, கேரட் எதுவும் கூடாது என்றதும், "உருளை இல்லாம சாகு எப்படி சாமி?" என்று தலையில் கை வைத்துவிட்டார். பூசணியும் அவரையும் போட்டுச் செய்வதாகக் கடைசியில் ஒப்புக்கொண்டார். மருந்து தானத்துக்கு ஏழைகள் இருவரின் கண் அறுவைச் செலவு. சாஸ்திர தானத்துக்கு, அப்பா தினம் விளக்கு வைத்ததும் மனப்பாடமாகச் சொன்ன நாலடியார், இருநூறு பிரதி.

அச்சகத்தில் முதல் பக்கத்துக்கு அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பும் வண்ணப் படமும் கேட்டார்கள். அக்கா போடலாம் என்றாள். சந்திரகிரிக் கற்களை நினைத்துக்கொண்டு பெயர், ஊர், மாதம், பட்சம், திதி என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்காவுக்கு இன்னும் சம்மதமில்லை. படத்துக்கு இடம் விட்டு வைக்கும்படி அச்சகத்துக்கு அவளே போன் பண்ணியிருக்கிறாள்.