பழைய கணினியில் கிராபிக்ஸ் டிரைவர்: காரைக்குடி வட்டாரப் பயன்பாட்டை முன்வைத்து

கிராபிக்ஸ் டிரைவர் என்பது கணினியின் இயங்குதளத்துக்கும், திரையில் படம் வரையும் சிப்புக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் மென்பொருள். இது இல்லாவிட்டாலும் திரை தெரியும். விண்டோஸ் தன்னிடமுள்ள பொது டிரைவரை ஏற்றிக்கொள்ளும்; விண்டோஸ் 7-ல் அதற்கு ஸ்டாண்டர்டு விஜிஏ என்றும், பிந்தையவற்றில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்றும் பெயர். அப்போது எழுத்து பெருத்துத் தெரியும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, வீடியோ திக்கித் திணறும். பழைய கணினிக்குத் தேட வேண்டியது அதன் சிப்புக்கென்று தயாரிப்பாளர் கடைசியாக வெளியிட்ட டிரைவரை. சந்தையில் இன்று வந்திருக்கும் டிரைவருக்கு அந்தச் சிப்பை அடையாளமே தெரியாது.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடி கல்லூரி நகரம். 1947-ல் தொடங்கிய அழகப்பா கலைக் கல்லூரி, 1952-ல் வந்த பொறியியல் கல்லூரி, 1985 முதல் அழகப்பா பல்கலைக்கழகம் என மாணவர் கூட்டம் குறையாத ஊர். ஆய்வேடு அச்சிடும் டிடிபி கடைகளிலும் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டுடியோக்களிலும் பத்துப் பன்னிரண்டு வயதுக் கணினிகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றோடு தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளும் சேரும். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கி எல்காட் என்ற அரசு நிறுவனம் வழியே கொள்முதலான இத்திட்டத்தில் மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. மூடியில் கோபுர முத்திரை பொறித்த இவற்றில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸரோடு இணைந்த கிராபிக்ஸ்தான். தொடக்க கால மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது.

சிப்பை அறிதல்

முதல் வேலை சிப்பின் பெயரைக் கண்டுபிடிப்பது. கார்டு வந்த பெட்டியை நம்ப முடியாது. என்விடியா ஜிடி 730 என்ற ஒரே பெயரில் ஃபெர்மி சிப்பும் விற்றது, கெப்ளர் சிப்பும் விற்றது. இரண்டுக்கும் கடைசி டிரைவர் வேறு வேறு. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து, டீடெய்ல்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடி என்ற வரியைப் பார்த்தால் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தயாரிப்பாளருடையது: 8086 என்றால் இன்டெல், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. இரண்டாவது எண் சிப்பின் வகை. இந்த இரண்டையும் இணையத்தில் இட்டுத் தேடினால் சரியான பெயர் கிடைத்துவிடும்.

எது வரை ஆதரவு

என்விடியாவில் கணக்கு தெளிவு. ஜிஃபோர்ஸ் 210 போன்ற பழைய டெஸ்லா வகைக் கார்டுகளுக்கு 2016 டிசம்பரில் வந்த 342.01 கடைசி. ஃபெர்மி வகைக்கு 2018 மார்ச்சில் வந்த 391.35. 32-பிட் விண்டோஸுக்கும் அந்த 390 வரிசையோடு கதவு சாத்தப்பட்டது. 2 ஜிபி ரேம் உள்ள பல பழைய கணினிகளில் 32-பிட் விண்டோஸே இருப்பதால் இதை முதலில் பார்ப்பது நல்லது. ஜிடி 710 உள்ளிட்ட கெப்ளர் கார்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 செப்டம்பர் வரை வந்தன. ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ ஆகியவற்றுக்கு 580 வரிசைதான் கடைசி; பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை உண்டு.

ஏஎம்டியின் ரேடியான் எச்டி 5450, 6450 போன்றவற்றுக்கு 2015-ன் கேட்டலிஸ்ட் 15.7.1 உறுதியான பதிப்பு; அதற்குப் பிறகு வந்த கிரிம்சன் 16.2.1 பீட்டாவோடு நின்றுபோனது. 2021 ஜூனில் ஏஎம்டி இன்னொரு பெரிய கூட்டத்தையும் பழையவை பட்டியலில் சேர்த்தது. விலையில்லா மடிக்கணினிகளின் பிற்கால வரிசையில் இடம்பெற்ற ஏ-வரிசை சிப்களும் அதில் அடக்கம். படிப்பு முடியுமுன்பே கணினி பழசான மாணவர்கள் அந்த வகையில் நிறைய.

இன்டெல் நிலை இன்னும் சிக்கல். ஜி31, ஜி41 போர்டுகளுக்கு விண்டோஸ் 10-க்கெனத் தனி டிரைவர் எழுதப்படவே இல்லை. 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை கோர் சிப்களையும் இன்டெல் விண்டோஸ் 10 ஆதரவுப் பட்டியலில் சேர்க்கவில்லை. விண்டோஸ் அப்டேட் கொண்டுவந்து தருவதோடு திருப்திப்பட வேண்டும்.

நிறுவும் முறை

மடிக்கணினிக்கு அதைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் உள்ள டிரைவரே முதல் தேர்வு. இன்டெல் தளத்திலிருந்து நேரடியாக எடுத்த பழைய நிறுவிகள், இந்தக் கணினிக்கு இது சரிபார்க்கப்படவில்லை என்று சொல்லிப் பாதியில் நின்றுவிடும். அப்போது கோப்பை விரித்து வைத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் ஹேவ் டிஸ்க் என்ற வழியாக ஐஎன்எஃப் கோப்பைக் காட்டினால் பெரும்பாலும் ஏறிவிடும். விண்டோஸ் 7-ல் வேறொரு முட்டுக்கட்டை. 2019-க்குப் பிந்தைய டிரைவர்கள் ஷா-2 கையொப்பத்தோடு வருபவை; கேபி4474419 என்ற திருத்தம் இல்லாத விண்டோஸ் 7 அவற்றை ஏற்காது.

பழைய டிரைவரின் எச்சங்கள் தகராறு செய்தால் சேஃப் மோடில் டிடியு என்ற இலவசக் கருவியைக் கொண்டு துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது வழக்கம். அந்த நேரம் நெட் இணைப்பைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் குறுக்கே புகுந்து தனக்குப் பிடித்ததை ஏற்றிவிடும். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பழைய கணினிக்கு ஆகாதவை. நிறுவிய கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு வைப்பது உத்தமம். பழைய டிரைவர்களைக் கம்பெனிகள் தளத்திலிருந்து நீக்குவதும் உண்டு.

அமைப்புகள்

ஸ்டுடியோக்காரர்கள் கவனிக்க வேண்டியது வண்ண வீச்சு. எச்டிஎம்ஐ வழியாக மானிட்டரை இணைக்கும்போது என்விடியா டிரைவர் சில நேரம் அதை டிவி என்று எடுத்துக்கொண்டு வீச்சைச் சுருக்கிவிடும். கறுப்பு சாம்பலாகத் தெரியும். பட்டுப் புடவையின் அடர் நிறம் வெளுக்கும். அதைப் பார்த்துத் திருத்திய ஆல்பம் அச்சில் இருண்டு வரும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் டைனமிக் ரேஞ்சை ஃபுல் என்று மாற்றினால் சரியாகும். ரேடியான் கார்டில் இதே இணைப்பு படத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரம் விடும். கேட்டலிஸ்ட் கண்ட்ரோல் சென்டரில் ஸ்கேலிங்கை 0 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஃபோட்டோஷாப் அடிக்கடி மூடிக்கொண்டால் அதன் பிரிஃபரன்ஸில் கிராபிக்ஸ் பிராசஸர் பயன்பாட்டை நிறுத்திப் பார்க்கலாம்.

யூடியூப் தடுமாறுவதற்கு டிரைவரைக் குறை சொல்வது பொதுவான பழக்கம். யூடியூப் பெரும்பாலும் அனுப்பும் விபி9 வடிவத்தை விரிக்கும் வன்பொருளே பழைய சிப்களில் இல்லை. இன்டெல்லில் முழு ஆதரவு ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சி ஒன்றைச் சேர்த்தால் பிராசஸருக்குச் சுமை குறையும்.

டிரைவர் மேல் விழும் இன்னொரு வீண்பழி 1024-க்கு 768-ஐத் தாண்டாத திரை. மலிவு விஜிஏ கேபிள்கள் சிலவற்றில் 12, 15-ஆம் பின்கள் இருக்காது. மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்வது அந்த இரண்டு பின்கள் வழியாகத்தான். டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் கேபிளை மாற்றாமல் அளவு கூடாது. சித்திரை வெயிலில் திரை உறைந்து டிரைவர் மீண்டும் தொடங்கியது என்ற செய்தி வந்தால், ஹீட் சிங்கில் அடைத்த தூசியையும் காய்ந்த தெர்மல் பேஸ்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

லினக்ஸில்

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-லும் முடிந்ததால் லினக்ஸ் மாற்றுவழியாகிறது. இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் லினக்ஸ் கர்னலோடும் மேசா என்ற திறந்தமூல கிராபிக்ஸ் தொகுப்போடும் சேர்ந்தே வருவதால் தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. ஜி41 போர்டும் எச்டி 5450-உம் விண்டோஸைவிட இங்கே நிம்மதியாக ஓடும். பழைய என்விடியாவுக்கு மட்டும் நோவோ என்ற திறந்தமூல டிரைவரே கதி. டெஸ்லா வகைக்கான என்விடியாவின் சொந்த 340 வரிசை 2019-ல் நின்றுவிட்டது, புதிய கர்னல்களில் அது ஒட்டுவேலை இல்லாமல் ஏறாது. நிறுவும்போது கறுப்புத் திரை வந்தால் நோமோட்செட் என்ற சொல்லை பூட் வரியில் சேர்ப்பார்கள். நிறுவி முடித்த பிறகு அதை எடுத்துவிட வேண்டும். இருந்தால் உண்மையான டிரைவர் ஏறாமல், படம் வரையும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும்.