நாற்பது நம்பர் ஆயிலும் ஆறு சிலிண்டர் லாரியும்

லாரிக்கு என்ன ஆயில் ஊற்ற வேண்டும்? கேட்கும்போது சாதாரணக் கேள்விதான். ஆனால் சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இந்தக் கேள்வியை மூன்று பேரிடம் கேட்டால் நாலு பதில் கிடைக்கும். பைனான்ஸில் வண்டி எடுத்து, மாதாமாதம் தவணை கட்டி, அதிலேயே குடும்பத்தையும் ஓட்டுகிறவருக்கு எஞ்சின் ஒருமுறை சீஸ் ஆனால் போதும். எஞ்சினை இறக்கி, கிராங்க் தேய்த்து, லைனர் மாற்றி வண்டி மறுபடி ரோட்டுக்கு வருவதற்குள் இரண்டு மூன்று தவணை தவறிவிடும். ஆயில் சண்டைகள் இவ்வளவு சூடாக நடப்பதற்கு அதுதான் காரணம்.

மேட்டூர் வட்டத்தில் இருக்கும் மேச்சேரியை வெளியூர்க்காரர்களுக்கு ஆட்டினத்தாலும் பத்ரகாளியம்மன் கோயிலாலும் தெரியும். லாரிக்காரர்களுக்கோ அது தொப்பூரிலிருந்து மேட்டூர் போகும் வழி, பக்கத்துப் பொட்டனேரி இரும்பாலைக்கு லோடு ஏறி இறங்கும் இடம். கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் வெயில், வடக்கே போனால் தொப்பூர் கணவாய் ஏற்றம். ஆயிலைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல ஊர் வேண்டியதில்லை.

கதை 1950களில் தொடங்குகிறது. அதற்கு முன் இங்கே ஓடிய பெட்ஃபோர்டு, டாட்ஜ் வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சின்கள். சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி இங்கிலாந்தின் பெர்கின்ஸோடு சேர்ந்து பி-6 என்ற டீசல் எஞ்சினைச் செய்ய ஆரம்பித்தது. பெயரிலேயே இருக்கிறது, ஆறு சிலிண்டர். 1954ல் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ, ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் உரிமத்தோடு லாரி செய்யத் தொடங்கியது. அதில் இருந்ததும் ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர் டீசல்தான். 1948ல் தொடங்கப்பட்டு எண்ணூரில் ஆஸ்டின் கார் கோர்த்துக் கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், 1955ல் அசோக் லேலண்டாகி, காமெட் லாரியில் ஆறு சிலிண்டரைப் போட்டது. பென்ஸ் ஒப்பந்தம் 1969ல் முடிந்த பிறகு டாடாவின் 697 எஞ்சின் வந்தது. 97 மில்லிமீட்டர் போர், 128 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், மொத்தம் சுமார் 5.7 லிட்டர். நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோர்க்கும் அளவுக்குப் பழகிப்போன எஞ்சின் இது.

ஏன் எல்லோரும் ஆறையே பிடித்துக் கொண்டார்கள்? 1-5-3-6-2-4 என்ற வரிசையில் வெடிக்கும்போது முன்பாதி மூன்று பிஸ்டன்களின் ஆட்டத்தைப் பின்பாதி மூன்றும் சமன் செய்துவிடுகின்றன. நாலு சிலிண்டரில் மிச்சம் நிற்கும் அதிர்வு இதில் இல்லை. (பி.எம்.டபிள்யூ கார்க்காரர்கள் இதே காரணத்துக்காகத்தான் தங்கள் ஆறு சிலிண்டரைப் பற்றிப் பெருமையடிக்கிறார்கள். நம்மூர் லாரிக்காரர் பெருமையடிப்பதில்லை, அவ்வளவுதான்.) ஆனால் அந்த சுகத்துக்கு ஒரு விலை உண்டு. கிராங்க் நீளமாகிறது. பொதுவாக ஏழு மெயின் பேரிங், ஆறு கனெக்டிங் ராடு பேரிங், நீளமான ஆயில் கேலரி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்பிலிருந்து தூரத்தில் இருக்கும் கடைசி பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரும் வரை இரும்போடு இரும்பு உரசுகிறது. ஆயில் கெட்டியாக இருந்தால் அந்த நேரம் நீளும்.

இங்கேதான் 'நாற்பது நம்பர்' வருகிறது. ஆயிலின் கெட்டித்தன்மைக்கு எண் கொடுக்கும் முறையை அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. சங்கம் 1911லேயே ஆரம்பித்துவிட்டது. இந்தியாவில் பல பத்தாண்டுகள் லாரி என்றால் 40 என்ற ஒற்றை எண் ஆயில்தான். பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் காலத்திலும் சரி, 1970களில் அவை அரசுடைமையாகி பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆன பிறகும் சரி, இந்தியன் ஆயில் தன் சர்வோவை 1972ல் கொண்டு வந்த பிறகும் சரி, பங்க்கில் போய் 'நாற்பது' என்று சொன்னால் போதும். நம் சமவெளி வெயிலுக்கு அது தப்பும் இல்லை. மேச்சேரியில் மார்கழி விடியற்காலையில்கூட உறைபனி கிடையாதே.

பிரச்சினை வண்டி ஊரைத் தாண்டியதும் வந்தது. நாமக்கல் லாரி நாமக்கல்லிலேயே ஓடுவதில்லை. டில்லி, பஞ்சாப் என்று போகும். ஜனவரி மாதம் அங்கே நாலைந்து டிகிரி குளிரில் நாற்பது நம்பர் ஆயில் பாகு மாதிரி ஆகிவிடும். செல்ஃப் அடித்தால் எஞ்சின் முனகும். சம்ப்புக்கு அடியில் தீ மூட்டிச் சூடாக்கிய கதைகள் பழைய டிரைவர்களிடம் ஏராளம்.

இதற்குத் தீர்வாக வந்தது 15 டபிள்யூ 40. 1990களின் தொடக்கத்தில் ஆயில் சந்தை தாராளமயமாகி வெளிநாட்டுக் கம்பெனிகள் நுழைந்த பிறகு இது வேகமாகப் பரவியது. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. குளிரில் 15 போல இளகி ஓடும், எஞ்சின் சூட்டில் 40 ஆகவே நிற்கும். பட்டறைகளில் அப்போது எழுந்த எதிர்ப்பு: 'கையில் தேய்த்துப் பாருங்கள், தண்ணியாக இருக்கிறது, இது லோடு தாங்காது.' இந்த வாதம் இன்றும் செத்துப்போகவில்லை. ஆனால் கை அளப்பது முப்பது டிகிரியில் இருக்கும் ஆயிலை. பேரிங்குக்குள் இருப்பதோ நூறு டிகிரியைத் தொடும் ஆயில். நூறு டிகிரியில் 40க்கும் 15 டபிள்யூ 40க்கும் எஸ்.ஏ.இ. வைத்திருக்கும் எல்லை ஒன்றேதான்: 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. தொப்பூர் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் லோடோடு ஏறும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான்.

கெட்டித்தன்மை பாதிக் கதைதான். மீதி அந்த டின்னின் பின்பக்கம் இருக்கும் ஏ.பி.ஐ. எழுத்துகளில் இருக்கிறது. சி.டி., சி.எஃப்-4, சி.எச்-4, சி.ஐ-4 என்று போகும். சுத்தமான மினரல் ஆயிலை டீசல் எஞ்சினில் ஊற்றினால் ரிங் பள்ளத்தில் கரி படிந்து ரிங் ஒட்டிக்கொள்ளும் என்பது 1930களில் கேட்டர்பில்லர் டிராக்டர்களிலேயே தெரிந்துபோனது. அதற்குத்தான் சோப்பு மாதிரி வேலை செய்யும் டிடர்ஜென்ட் மருந்துகள் ஆயிலில் சேர்ந்தன. ஆகவே டீசல் எஞ்சினில் ஆயில் கருப்பானால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, கரியைப் படியவிடாமல் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எப்போதும் பளபளப்பாகவே இருக்கிறது என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு எதிரி கந்தகம். முன்பு நம் டீசலில் ஒரு சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம் என்று அனுமதி இருந்தது. அது எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து, கந்தக அமிலமாகி லைனரை அரிக்கும். ஆயிலில் இருக்கும் காரச்சத்து அந்த அமிலத்தைச் சமாளித்தே தீர்ந்துபோகும். அதனால்தான் அந்தக் காலத்தில் அத்தனை சீக்கிரம் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. 2000ல் கந்தகம் 0.25 சதவீதமானது, 2017ல் நாடு முழுக்க 50 பி.பி.எம்., 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வந்தபோது 10 பி.பி.எம். பழைய அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு! ஆயில் மாற்றும் தூரம் பல மடங்கு நீண்டதற்கு ஆயில் கம்பெனிகள் விளம்பரத்தில் பெருமை எடுத்துக்கொள்கின்றன. பாதிப் பெருமை டீசலுக்குச் சேர வேண்டியது.

டர்போ வந்ததும் இன்னொரு மாற்றம். 1993ல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டணி 5.9 லிட்டர் ஆறு சிலிண்டரைக் கொண்டு வந்தது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குப் பக்கமாகச் சுற்றும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டும். ஏற்றம் ஏறிய சூட்டோடு டீக்கடையில் நிறுத்திச் சட்டென்று அணைத்தால் அங்கே நிற்கும் ஆயில் வெந்து கரியாகிவிடும். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கச் சொல்வது இதற்காகத்தான். டர்போ எஞ்சினுக்குப் பழைய சி.டி. நாற்பதை ஊற்றுவது சிக்கனம் இல்லை, சூதாட்டம்.

அப்படியானால் இன்றைக்கு எது சரி? பழைய 697 ஒன்று தண்ணீர் லாரியாகவோ ரிக் வண்டியாகவோ இன்னும் உயிரோடு இருந்தால் 15 டபிள்யூ 40, சி.எஃப்-4 அல்லது சி.ஐ-4 தாராளம். தேய்ந்துபோய் ஆயில் குடிக்கும் எஞ்சின், உள்ளூர் ஓட்டம் மட்டும் என்றால் நாற்பது நம்பரிலேயே காலம் தள்ளுவதும் குற்றமில்லை. லைனர் தேய்ந்திருந்தால் எந்த ஆயிலும் அதைச் சரிசெய்யாது. காலி டின்னை ஓட்டை போடாமல் விற்பதுதான் பெரிய தப்பு, அதில் கலப்பட ஆயில் நிரம்பித் திரும்ப வர வாய்ப்பு உண்டு.

பி.எஸ்-6 வண்டிக்கு மட்டும் கதை தலைகீழ். அதன் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. எரிந்த ஆயிலின் சாம்பல் அதில் போய் அடைத்துக்கொள்ளும், கரியைப் போல எரித்து நீக்கவும் முடியாது. அதனால் சாம்பல் அளவை 1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்திய சி.கே-4 வகை ஆயில்தான் வேண்டும், அதிலும் வண்டிக் கம்பெனி சொன்னதையே பார்த்து வாங்க வேண்டும். 'ஸ்ட்ராங்' என்று பழைய சி.ஐ-4 ஐ ஊற்றினால் எஞ்சினுக்கு உடனே ஒன்றும் ஆகாது, ஃபில்டருக்கு ஆகும். அந்த ஃபில்டரைச் சுத்தம் செய்ய எஞ்சின் தானாகவே கூடுதல் டீசலை விட்டு எரிக்கும்போது கொஞ்சம் டீசல் சம்ப்புக்கும் இறங்கும். இதனால் டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைகிறதா என்று மட்டும் பார்த்துப் பழகிய டிரைவர்கள், இப்போது மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.