நீரின் உராய்வும் நிலத்தின் சரிவும்

மாத்தளை மாவட்டத்து உக்குவளையில் மகாவலி கங்கையின் நீர் மலையினூடாக வெளிவருகின்றது. கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் மறிக்கப்படும் ஆற்றின் ஒரு பகுதி, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தைக் கடந்து, மின்நிலையத்தின் சுழலிகளை இயக்கிய பின்னர் சுது கங்கையைச் சேருகின்றது. 1976இல் இயங்கத் தொடங்கிய இத்திட்டத்தில் நீர் தன் ஆற்றல் முழுவதையும் சுழலிக்கு அளிப்பதில்லை. சுரங்கச் சுவரோடு உராய்ந்து அதில் ஒரு பங்கை வழியிலேயே இழக்கின்றது. இவ்விழப்பை மலையைத் துளைக்கும் முன்னரே கணித்தல் வேண்டும். அக்கணிப்பின் வரலாறு ஒரு தட்டையான பலகையிலிருந்து தொடங்குகின்றது.

கப்பலின் மீது நீர் செலுத்தும் தடையை அறிய முற்பட்ட ஆங்கிலப் பொறியியலாளர் வில்லியம் புறூட், 1870களின் முற்பகுதியில், டோர்க்கி நகரில் அமைத்த நீர்த்தொட்டியில் பல நீளமுள்ள பலகைகளை இழுத்து அளந்தார். பலகை நீளுந்தோறும் ஒரு சதுர அடிக்குரிய சராசரித் தடை குறைவதை அவர் கண்டார். முன்பகுதியால் இழுக்கப்பட்ட நீர் பலகையோடு சேர்ந்து நகர்வதால் பின்பகுதி குறைந்த தடையையே எதிர்கொள்கின்றது. அளவீடு கிடைத்தது, ஆயினும் அதனை அடிப்படை விதிகளிலிருந்து பெறும் கணிதம் அன்று இருக்கவில்லை.

அவ்வழியை 1904இல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் திறந்தார். பரப்பைத் தொடும் நீர் அதனோடு ஒட்டி அசைவற்று நிற்கும். சற்று விலகியதும் முழு வேகத்தில் ஓடும். இடையிலுள்ள மெல்லிய எல்லைப்படையிலேயே பாகுநிலையின் விளைவு முழுவதும் அடங்கியுள்ளது என்பது அவர் கருத்து. அவருடைய மாணவர் பிளாசியஸ் 1908இல் இதனைத் தட்டையான தகட்டுக்குப் பொருத்தி விடை கண்டார். வேகத்தை நீளத்தால் பெருக்கி, பாகுநிலையை அடர்த்தியால் வகுத்த பெறுமானத்தால் பிரித்தால் ரெனோல்ட்சு எண் கிடைக்கும். அதன் வர்க்கமூலத்தால் 1.328ஐ வகுத்தால் ஒரு பக்கத்தின் உராய்வுக் குணகம் வரும்.

எடுத்துக்காட்டாக, 1 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உள்ள தகட்டின் மேல் நீர் செக்கனுக்கு 0.5 மீற்றர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்க. ரெனோல்ட்சு எண் ஏறத்தாழ 5,00,000, குணகம் 0.0019, ஒரு பக்க இழுவை 0.23 நியூற்றன். இது சீரான ஓட்டத்துக்குரியது. எல்லைப்படை கொந்தளிப்புற்றதாயின் அதே இழுவை 0.67 நியூற்றனாக, ஏறத்தாழ மூன்று மடங்காக உயரும். கொந்தளிப்புக்குரிய இக்கணிப்பு முறை 1921இல் பிராண்டிலும் கார்மனும் குழாய்களின் அளவீடுகளைத் தகட்டுக்கு மாற்றியதன் பயனாகும். இவ்வகையில் தகடும் குழாயும் ஒரே ஆய்வின் இரு முகங்களாயின. சுரங்கத்தின் சுவரும் வளைக்கப்பட்ட தகடு போன்றதே.

உக்குவளையைக் கடந்த நீர் சுது கங்கை வழியே அம்பன் கங்கையை அடைகின்றது. போவதென்னையில் மறிக்கப்படும் அதன் ஒரு பங்கு மற்றொரு சுரங்கத்தால் தம்புளு ஓயாவுக்குத் திருப்பப்பட்டுக் கலாவாவியை நிரப்புகின்றது. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய அவ்வாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு ஜயகங்கை என்னும் கால்வாய் செல்கின்றது. அதன் நீளம் 54 மைல்; முதல் 17 மைலில் சரிவு மைலுக்கு 6 அங்குலமே, அதாவது 10,560இல் ஒரு பங்கு.

இச்சரிவின் பொருளை எளிதாகக் கணிக்கலாம். அகன்ற கால்வாயில் நீர் 1 மீற்றர் ஆழமாயின், அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீற்றர் மீதும் 1,000 கிலோகிராம் நீர் நிற்கும். அதனை முன்தள்ளும் விசை அவ்வெடையின் 10,560இல் ஒரு பங்கு. அஃது ஏறத்தாழ 95 கிராம் எடைக்குச் சமம். நீர் சீராக ஓட, நிலத்தின் உராய்வும் அதே அளவினதாய் நின்று அதனை எதிர்த்தல் வேண்டும். சரிவு மிகுந்தால் கரை அரிக்கும். குறைந்தால் வண்டல் படிந்து கால்வாய் தூரும்.

அக்கால்வாயை வகுத்தோர் எல்லைப்படையை அறிந்திருந்தனர் என்பது வரலாறு ஆகாது. அவர்களுடைய கணிப்பு முறை எழுத்தாக வந்து சேரவில்லை. எனினும் சூத்திரம் இன்மையை அறிவின்மை எனக் கொள்வதும் அதே அளவு பிழையாகும். நீர் எவ்வளவு தள்ளும், நிலம் எவ்வளவு தடுக்கும் என்ற நிறுவையைச் சரிவின் மூலமே அவர்கள் தீர்த்திருந்தனர். சுரங்கத்தை அமைப்போனுக்கு உராய்வு குறைக்கப்பட வேண்டிய இழப்பு. கால்வாயை அமைத்தோனுக்கு அது நீரை அடக்கி நடத்தும் கடிவாளம். மாத்தளையின் மலைகளினூடாக வரும் நீர் ஒரே பயணத்தில் இவ்விரு அறிவுகளையும் கடந்து வயலை அடைகின்றது.